மடிக்கணினியில் தாராளமாகச் செய்யுங்கள். கையிலிருக்கும் ஒரே போனில் இப்போது வேண்டாம்

வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்யும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரும் கணவரும் ஒரே மடிக்கணினியைப் பயன்படுத்துகிறார்கள். வாங்கி நான்கு வருடம் ஆகிறது. விண்டோஸ் 11, 512 ஜிபி எஸ்எஸ்டி (தரவைச் சேமிக்கும் டிஸ்க்), அதில் பாதிக்கு மேல் காலி. கணவருக்கு வேண்டிய கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். வாசகிக்கோ விண்டோஸின் விளம்பரங்களும், கேட்காமலே வரும் மாற்றங்களும், எதற்கெடுத்தாலும் கணக்கில் நுழையச் சொல்வதும் அலுத்துவிட்டன. லினக்ஸ் என்ற மாற்று இயங்குதளத்தையும் விண்டோஸையும் ஒரே கணினியில் வைத்து, வேண்டியதை வேண்டிய நேரத்தில் இயக்க விரும்புகிறார். டிஸ்க்கைப் பிரித்துத் தனிப் பார்ட்டிஷனில் (பகுதியில்) நிறுவுவதால் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது, அதனால் பேக்கப் எடுக்கத் தேவையில்லை என்று நினைக்கிறார்.

அவருடைய போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிட்டது. அதிலும் இதேபோல் இரண்டு இயங்குதளங்களை வைக்கலாமா என்று கேட்கிறார். தன் மாடலுக்கு "ஏறக்குறைய அதேதான்" என்று சொல்லத்தக்க இன்னொரு மாடலுக்கான லினேஜ்ஓஎஸ் (ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட மாற்று இயங்குதளம்) கோப்பு கிடைத்திருக்கிறதாம். நிறுவி முடித்ததும், போன் எழும்போது எந்த இயங்குதளத்தை ஏற்றலாம் என்று தீர்மானிக்கும் பூட்லோடரைத் திரும்பப் பூட்டிவிட்டால் வங்கிச் செயலிகள் ஓடும் என்றும் எங்கோ படித்திருக்கிறார். ஆண்ட்ராய்டு திறந்த மூல மென்பொருள் (மூல நிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம்) என்பதால் பூட்லோடரைத் திறந்துகொடுக்கத் தயாரிப்பு நிறுவனம் கடமைப்பட்டிருக்கிறது என்பது அவருடைய வாதம். கணவர் இதற்கெல்லாம் சம்மதிக்கவில்லை. அவர் வெளியூர் போகும் வார இறுதியில் இரண்டு வேலையையும் முடித்துக் காட்டிவிடலாம் என்று திட்டம். லினக்ஸில் வைரஸ் வராதா என்றும் கேட்கிறார். பிடிக்காவிட்டால் லினக்ஸை எப்படி நீக்குவது என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் விருப்பம் நியாயமானது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கருவியில் எது ஓட வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்க நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் மடிக்கணினி, போன் இரண்டையும் ஒரே வேலையாக நினைத்துவிட்டீர்கள். உங்கள் திட்டத்தில் நான் பார்க்கும் பெரிய சிக்கல் இதுதான். மடிக்கணினியில் தவறு நடந்தால் பெரும்பாலும் ஒரு பென்டிரைவை வைத்துச் சரிசெய்துவிடலாம். போனில் அந்த வசதி பல மாடல்களில் கிடையாது. அதனால் மடிக்கணினிக்குச் 'செய்யுங்கள்' என்கிறேன்; போனுக்கு 'இப்போது வேண்டாம்' என்கிறேன்.

தனிப் பார்ட்டிஷன்தான், ஆனாலும்...

லினக்ஸ் தன் கோப்புகளைத் தனிப் பார்ட்டிஷனில்தான் வைத்துக்கொள்ளும், உண்மை. ஆனால் அந்த இடத்தை உண்டாக்க விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்கியாக வேண்டும். கூடவே, கணினி எழும்போது முதலில் படிக்கும் இஎஃப்ஐ என்ற சிறிய பார்ட்டிஷனை இரண்டும் பங்குபோட்டுக்கொள்ளும். சுருக்கும்போது மின்சாரம் போனாலோ, நிறுவும்போது தவறான வரியைத் தேர்ந்தெடுத்தாலோ உங்கள் மொழிபெயர்ப்புகளும் கணவரின் கணக்குகளும் சேர்ந்தே போகும். ஆகவே பேக்கப் கட்டாயம். வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. எடுத்த பேக்கப்பிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். கணவரின் கணக்கு மென்பொருள் தன் தரவை எந்த ஃபோல்டரில் வைக்கிறது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். மென்பொருளுக்குள்ளேயே பேக்கப் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லவே இல்லை: டிஸ்க் என்க்ரிப்ஷன், அதாவது டிஸ்க்கில் உள்ளதைச் சங்கேதமாக்கிப் பூட்டிவைப்பது. பல மடிக்கணினிகளில் விண்டோஸின் ஹோம் பதிப்பில்கூட, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' தானாக இயங்கத் தொடங்கிவிடும். உள்ளே இருப்பது விண்டோஸின் பிட்லாக்கர் என்ற என்க்ரிப்ஷன் வசதிதான். அது இருப்பதே பலருக்குத் தெரியாது. லினக்ஸ் நிறுவுவதற்காகச் செக்யூர் பூட்டை (கையெழுத்திட்ட பூட் மென்பொருளை மட்டுமே எழவிடும் பாதுகாப்பு) அணைக்கிறீர்கள், அல்லது பூட் வரிசையை மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று பிட்லாக்கர் எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை விண்டோஸுக்குள் போகும்போது நீலத் திரை வந்து ரெகவரி கீ கேட்கும். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கங்கள். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் எதையும் மீட்க முடியாது. கடவுச்சொல்லை நினைவுபடுத்திப் பார்த்துத் தப்பிக்கும் வழியும் அங்கே கிடையாது.

அந்தக் கீ வழக்கமாக மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். யாருடைய கணக்கில் என்பதுதான் கேள்வி. கணினியை முதன்முதலில் அமைத்தவரின் கணக்கில் இருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டில் அது உங்கள் கணவராக இருக்கலாம். அவர் வெளியூரில் இருக்கும்போது நீங்கள் அந்த நீலத் திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கும் நிலை வரக்கூடாது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் டிவைஸ் என்க்ரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அந்தக் கீயை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். திரையில் கேட்கும் கீயின் அடையாள எண்ணும் நீங்கள் எழுதிய எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்க்க வேண்டியிருக்கும். அந்த அடையாள எண்ணையும் கீயின் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

சில லினக்ஸ் வகைகளின் நிறுவி, பிட்லாக்கர் இருப்பதைக் கண்டால் விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவ மறுக்கும். அப்போது விண்டோஸில் என்க்ரிப்ஷனை அணைத்து, டிஸ்க் முழுவதும் அவிழ்ந்து முடியும்வரை காத்திருந்து, லினக்ஸ் நிறுவிய பிறகு மீண்டும் போட்டுக்கொள்ளலாம். அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். மடிக்கணினி தொலைந்தால் உங்கள் வாடிக்கையாளர்களின் ஆவணங்களைக் காப்பது அது ஒன்றுதான்.

நிறுவும் நாளுக்கு முன்பு

முதல் ஒரு வாரம் எதையும் நிறுவ வேண்டாம். உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். டிஸ்க்கைத் தொடாமல் ஓடும். வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர், மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுவது எல்லாவற்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தமிழ் தட்டச்சு உயிர்நாடி அல்லவா, அதையும் பாருங்கள்: ஐபஸ் என்ற தட்டச்சு அமைப்பில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டுமே கிடைக்கும். நீங்கள் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கு லினக்ஸில் மாற்று உண்டா என்பதும் இந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். சோதனையின்போது உங்கள் எஸ்எஸ்டியே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். இன்டெல் மடிக்கணினிகள் சிலவற்றில் டிஸ்க் 'ஆர்எஸ்டி' என்ற முறையில் அமைக்கப்பட்டிருக்கும். அதை மாற்றலாம், ஆனால் விண்டோஸைத் தயார்செய்யாமல் மாற்றினால் விண்டோஸ் எழாது. அந்த இடத்தில் மட்டும் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினியில் இரண்டாவது எஸ்எஸ்டி பொருத்த இடமிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நான் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். கணவரின் டிஸ்க்கில் கைவைக்கவே வேண்டாம். நிறுவும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டால் தவறு நடக்க வழியே இல்லை. இடமில்லை என்றால் ஒரே டிஸ்க்கில் பிரிக்கலாம், அதுவும் பலரும் நன்றாகப் பயன்படுத்தும் வழிதான். விண்டோஸுக்குள் ஒரு மென்பொருள்போல, மெய்நிகர் கணினியாக லினக்ஸை ஓட்டுவது இன்னொரு வழி. அதில் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் விண்டோஸ் எப்போதும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் உங்கள் அலுப்பு தீராது.

ஒரே டிஸ்க் என்றால் சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். பாதி டிஸ்க் காலியாக இருந்தாலும் மிகக் குறைவாகத்தான் சுருங்கும் என்று அது சொல்லலாம். நகர்த்த முடியாத சில கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதால் அப்படி. அடுத்து, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது, ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது. பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனில் எழுதினால் கோப்புகள் கெடும். இரண்டிலிருந்தும் ஒரே ஆவணங்களைத் திறந்து வேலை செய்யப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பொதுவாக ஒரு பார்ட்டிஷனைத் தனியே ஒதுக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் இருக்கும் சி டிரைவுக்குள் லினக்ஸிலிருந்து எதையும் எழுதாதீர்கள்.

நிறுவியின் திரையில் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. 'இன்ஸ்டால் அலாங்சைடு விண்டோஸ்' என்று ஒரு வரியும், 'எரேஸ் டிஸ்க்' என்று ஒரு வரியும் அருகருகே இருக்கும். இரண்டாவது வரி டிஸ்க் முழுவதையும் அழித்துவிடும். தயாரிப்பாளர் வைத்த ரெகவரி பார்ட்டிஷனும் சேர்ந்து போய்விடும். அடுத்த திரையில் எந்தெந்தப் பார்ட்டிஷன் மாறப்போகிறது என்று பட்டியல் வரும். அதைப் போனில் படம் எடுத்து, ஒருமுறை படித்துவிட்டு, அப்புறம் தொடருங்கள்.

சட்டப்படி இதில் சிக்கல் எதுவும் இல்லை. பார்ட்டிஷனைச் சுருக்கி வேறு இயங்குதளத்தை நிறுவுவதால் விண்டோஸ் உரிமம் பறிபோகாது. விண்டோஸோடு விற்கப்படும் பெரும்பாலான மடிக்கணினிகளில் உரிமக் குறியீடு மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். பிற்பாடு விண்டோஸை முழுதாக மறுபடி நிறுவினாலும் அது தானாகச் செல்லுபடியாகும்.

நிறுவிய பிறகு சில சின்னத் தொந்தரவுகள் வரும். விண்டோஸில் கடிகாரம் சில மணி நேரம் தவறாகக் காட்டும். ஒன்று உள்ளூர் நேரத்தையும் மற்றது உலகப் பொது நேரத்தையும் மதர்போர்டில் எழுதுவதால் வருவது அது. லினக்ஸில் ஒரே கட்டளையில் சரியாகிவிடும். எப்போதாவது விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் காணாமல் போகலாம். பெரும்பாலும் பூட் வரிசைதான் மாறியிருக்கும், லினக்ஸ் அழிந்திருக்காது. கணினி எழும் தருணத்தில் திறக்கக்கூடிய யூஇஎஃப்ஐ அமைப்புக்குள் போய் வரிசையை மாற்றினால் போதும். அரிதாக இதைவிடப் பெரிய சிக்கலும் வந்ததுண்டு. 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், பழைய பூட் கோப்புகளைத் தடுக்கப்போய், செக்யூர் பூட் இயங்கிய, இரண்டு இயங்குதளமும் இருந்த பல கணினிகளில் லினக்ஸை எழவிடாமல் செய்தது. யாருடைய தரவும் அதனால் அழியவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்தால் லினக்ஸுக்குள் போக முடிந்தது. அப்போதும் பிட்லாக்கர் கீ கையில் இருந்தவர்கள்தான் கவலையில்லாமல் அதைச் செய்தார்கள். லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவையும் கீ எழுதிய தாளையும் நிறுவி முடிந்ததும் தூக்கிப்போட்டுவிட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

போனில் உங்கள் உரிமை எங்கே நிற்கிறது

இனி போன். ஆண்ட்ராய்டு திறந்த மூலம் என்பதால் பூட்லோடரைத் திறந்துகொடுக்க நிறுவனம் கடமைப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் உரிமங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆண்ட்ராய்டின் அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. அதன்படி உங்கள் போனில் ஓடும் கெர்னலின் மூல நிரலைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைத் திருத்தி அதே போனில் ஓட்டவிட வேண்டும் என்ற கட்டாயம் அந்த உரிமத்தில் தெளிவாக எழுதப்படவில்லை. இந்த ஓட்டையை அடைப்பது 2007இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் நோக்கங்களில் ஒன்று. நுகர்வோர் கருவியில் திருத்திய மென்பொருளை நிறுவத் தேவையான தகவல்களையும் தர வேண்டும் என்று அது சேர்த்துச் சொன்னது. ஆனால் லினக்ஸ் கெர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. ஆண்ட்ராய்டின் மற்ற பகுதிகளில் பெரும்பாலானவை அப்பாச்சி உரிமத்தில் இருப்பதால் அங்கே மூல நிரலைத் தரும் கட்டாயம்கூட இல்லை. வீட்டின் வரைபடம் உங்கள் கையில் இருக்கிறது, கதவின் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது என்பதுதான் இன்றைய நிலை. இது மாற வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் இந்த வார இறுதியில் எடுக்கப்போகும் முடிவு, இருக்கும் நிலையை வைத்துத்தான் அமைய வேண்டும்.

அந்தச் சாவியை யார் தருகிறார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஹுவாவே 2018இல் பூட்லோடர் திறக்கும் குறியீடு தருவதையே நிறுத்திவிட்டது. ஷாவ்மி விண்ணப்பம் போட்டு நாள்கணக்கில் காத்திருக்கச் சொல்லும். சாம்சங் போன்களில் அங்கீகாரமில்லாத இயங்குதளத்தை ஏற்றினால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் மின்ஃப்யூஸ் ஒன்று நிரந்தரமாக மாறிவிடும். பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. செக்யூர் ஃபோல்டர் போன்ற வசதிகள் போனதுதான். ஃபேக்டரி ரீசெட் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்ற உங்கள் நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது.

போனில் இரட்டை இயங்குதளம் வைப்பது பற்றி: கணினியில் வருவதுபோல எது வேண்டும் என்று கேட்கும் பட்டியல் பொதுவாகப் போன்களில் கிடையாது. புதிய போன்களில் ஏ, பி என்று இரண்டு இடங்கள் இருப்பதைப் படித்திருப்பீர்கள். அவை அப்டேட்டைப் பாதுகாப்பாக ஏற்றுவதற்கானவை. ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதியது எழுதப்படும், கெட்டுப்போனால் பழையதற்குத் திரும்பும். உங்கள் தரவு இருக்கும் பகுதி இரண்டுக்கும் பொதுவானது. இரண்டு இயங்குதளங்களை அன்றாடம் மாற்றி மாற்றிப் பயன்படுத்த அது உதவாது.

நீங்கள் கண்டெடுத்த கோப்பு

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது "ஏறக்குறைய அதேதான்" என்ற சொல். போனின் பெட்டியில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில், கடைசியில் ஓர் எழுத்தோ எண்ணோ மட்டும் மாறி, உள்ளே முற்றிலும் வேறு சிப் இருக்கும் போன்கள் நிறைய உண்டு. லினேஜ்ஓஎஸ் ஒவ்வொரு மாடலையும் அதன் உள்பெயரால்தான் அடையாளம் காட்டும். அந்த உள்பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் ஒழிய அந்தக் கோப்பு உங்கள் போனுக்கு உரியது அல்ல. தவறான கோப்பைக் கட்டாயப்படுத்தி ஏற்றினால் போன் எழாமலே போகலாம். சில மாடல்களில் அதை மீட்கத் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற கருவி வேண்டும்.

அடுத்தது பூட்டுவது பற்றி. பூட்லோடரைத் திறந்து வேறு இயங்குதளம் ஏற்றிவிட்டுத் திரும்பப் பூட்டினால், போன் எழும்போது உள்ளே இருப்பது தயாரிப்பாளரின் கையெழுத்திட்ட மென்பொருள்தானா என்று சோதிக்கும். லினேஜ்ஓஎஸ்ஸில் அந்தக் கையெழுத்து இருக்காது. போன் எழ மறுத்துவிடும், பல மாடல்களில் அதோடு கதை முடிந்தது. நிறுவுபவரின் சொந்தக் கையெழுத்தை ஏற்றுக்கொண்டு முறையாகப் பூட்ட அனுமதிக்கும் போன்களும் உண்டு. கூகுளின் பிக்சல் அவற்றில் முக்கியமானது. பாதுகாப்பை முன்னிறுத்தும் கிராஃபீன்ஓஎஸ் என்ற ஆண்ட்ராய்டு வகை இதுவரை பிக்சல் போன்களையே மையமாக வைத்து இயங்கி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் படித்த குறிப்பு ஒருவேளை அதைப் பற்றியதாக இருக்கலாம்.

பூட்டாமலே விட்டால்? போன் ஓடும். ஆனால் உங்கள் போன் பத்து நிமிடம் வேறொருவர் கையில் தனியாகக் கிடைத்தால், திருத்திய ஒரு மென்பொருளை உள்ளே வைத்துவிட முடியும். உங்கள் கோப்புகள் பூட்டித்தான் இருக்கும், ஆனால் அடுத்த முறை நீங்களே பின் எண்ணைப் போட்டுத் திறந்துகொடுத்துவிடுவீர்கள். பாதுகாப்பு அப்டேட் இல்லையே என்ற கவலையில் தொடங்கி, இன்னொரு கதவைத் திறந்துவைத்த மாதிரி ஆகும்.

வங்கிச் செயலிகளைப் பொறுத்தவரை யாராலும் உறுதி தர முடியாது. அவற்றில் பல, கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சேவையிடம் 'இந்தப் போன் நம்பத்தகுந்ததா' என்று கேட்டுத்தான் திறக்கும். பூட்லோடர் திறந்த போன் அதில் பெரும்பாலும் தேறாது. இன்று ஓடும் செயலி அடுத்த அப்டேட்டில் நின்றுபோகலாம். அதை ஏமாற்றும் வழிகள் என்று பலர் சொல்வார்கள். பணம் புழங்கும் செயலியை, யார் எழுதியது என்றே தெரியாத ஒட்டுவேலையின் மேல் ஓடவிடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு உண்மையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். லினேஜ்ஓஎஸ் தொடர்ந்து ஆண்ட்ராய்டின் பாதுகாப்புத் திருத்தங்களைக் கொண்டுவருகிறது, அது பெரிய உதவி. ஆனால் மோடம் (செல்பேசி இணைப்பைக் கையாளும் பகுதி), பூட்லோடர் போன்றவற்றின் மூடிய மென்பொருளைத் திருத்தத் தயாரிப்பாளரால்தான் முடியும். அவர் கைவிட்ட நாளோடு அந்தப் பகுதி நின்றுவிடும். லினேஜ்ஓஎஸ் இதை ஒளிக்கவில்லை. செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டின் திருத்தத் தேதியையும் தயாரிப்பாளரின் திருத்தத் தேதியையும் தனித்தனியாகக் காட்டும். இரண்டாவது தேதி பழசாகவே இருக்கும். கைவிடப்பட்ட போனைவிட இது நிச்சயம் மேல். அதற்காக முழுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

பூட்லோடரைத் திறக்கும் அந்தக் கணத்திலேயே போனில் உள்ள அனைத்தும் அழியும் என்பதையும் மறக்க வேண்டாம். படங்களைப் பற்றிப் பலர் யோசிப்பார்கள். இரண்டாம் நிலைக் குறியீடு தரும் ஆத்தென்டிகேட்டர் செயலியை மறந்துவிடுவார்கள். அது அழிந்தால் மின்னஞ்சலிலிருந்து வேலைக் கணக்குவரை எதற்குள்ளும் நுழைய முடியாமல் வெளியே நிற்க வேண்டிவரும்.

ஆகவே என் யோசனை இது. இந்தப் போனில் இப்போது எதையும் செய்யாதீர்கள். வங்கிக்கும் ஓடிபிக்கும் அப்டேட் வரும் வேறொரு போன் கைக்கு வந்த பிறகு, இதை ஆசை தீரப் பரிசோதித்துப் பாருங்கள், உள்பெயருக்குச் சரியான அதிகாரபூர்வக் கோப்பு இருந்தால். அடுத்த போன் வாங்கும்போதே திறந்த மூல இயங்குதளத்தை மனதில் வைத்துத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது. பிக்சல் 8 முதலான போன்களுக்கு ஏழு வருட அப்டேட் உறுதி உண்டு. கிராஃபீன்ஓஎஸ்ஸும் ஏற்ற முடியும். பழையதாக வாங்கினால், காசு கொடுக்கும் முன் இணையத்தோடு இணைத்து, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்ற பொத்தான் நகர்கிறதா என்று பாருங்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழியாக விற்கப்பட்ட சில போன்களில் அது மங்கலாகவே கிடக்கும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. எஃப்-டிராய்டு என்ற களஞ்சியத்தில் திறந்த மூலச் செயலிகள் மட்டுமே இருக்கும். உலாவி, குறிப்பேடு, வரைபடம், கோப்பு மேலாளர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். தேவையில்லாத செயலிகளை நீக்கி, உலாவியை மட்டுமாவது புதிதாக வைத்திருங்கள். பழைய போனில் அதிக ஆபத்து வருவது அந்த வழியாகத்தான்.

லினக்ஸில் வைரஸ் வராதா?

குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறிய சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு ஒன்றை வைத்திருந்தது தெரியவந்தது. அந்த மென்பொருள் ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருப்பது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப்பார்த்துக் கண்டுபிடித்தார். பெரும்பாலான பயனர்களின் கணினிக்கு அது போய்ச்சேரும் முன்பே தடுத்துவிட்டார்கள். நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. அதேசமயம், திறந்திருப்பதாலேயே யாரோ எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. மென்பொருள்களை அந்தந்த லினக்ஸின் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்தே எடுங்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். எங்கோ பார்த்த கட்டளையைப் புரியாமல் டெர்மினலில் ஒட்டாதீர்கள்.

உங்கள் கணவர் இல்லாத வார இறுதி

இதைச் சொல்ல எனக்குச் சற்றுத் தயக்கம்தான், ஆனாலும் சொல்கிறேன். அவர் இல்லாதபோது செய்து காட்டலாம் என்ற யோசனையைக் கைவிடுங்கள். அந்தக் கணினியில் அவருடைய வேலையும் இருக்கிறது. அவருடைய பயம் அறியாமையால் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மேலே சொன்ன ஆபத்துகளில் பாதி அவர் பயப்படும் விஷயங்கள்தான். ரெகவரி கீயும் அவர் கணக்கில் இருக்கலாம் என்பதால் அவரில்லாமல் இந்த வேலையைப் பாதுகாப்பாகத் தொடங்கவே முடியாது. பென்டிரைவில் லினக்ஸ் ஓடுவதை அவருக்குக் காட்டுங்கள். பேக்கப் டிஸ்க்கில் அவருடைய கணக்குக் கோப்பு திறப்பதையும் காட்டுங்கள். கணினியை இயக்கினால் முதலில் விண்டோஸே எழும்படி பட்டியலை அமைத்துத் தருவதாகச் சொல்லுங்கள். அவருக்குத் தன் கணினி மாறியதே தெரியாது. அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் இரண்டாவது எஸ்எஸ்டியோ, யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய கணினியோ உங்களுக்கு வழி. பத்து வருடப் பழைய கணினியில்கூட லினக்ஸ் மின்டின் இலகுவான பதிப்பு பெரும்பாலும் தடையின்றி ஓடும்.

நீக்க வேண்டி வந்தால்

பலர் இங்கே அவசரப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸுக்குள் போய் லினக்ஸ் பார்ட்டிஷனை நேராக அழித்துவிடுவார்கள். அடுத்த முறை கணினி எழும்போது கிரப் என்ற பூட் மென்பொருள் தன் கோப்புகளைத் தேடி, கிடைக்காமல், கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்று காட்டிவிட்டு நின்றுவிடும். வரிசையை மாற்றிச் செய்யுங்கள். முதலில் யூஇஎஃப்ஐ அமைப்புக்குள் போய் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவந்து, விண்டோஸ் நேராக எழுகிறதா என்று இரண்டு முறை பாருங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும் அழித்து, அந்த இடத்தைச் சி டிரைவோடு சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் இருந்தால் சேராது. அதற்காக அதை அழித்துவிடாதீர்கள். காலி இடத்தைத் தனி டிரைவாக வைத்துக்கொள்ளுங்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷனில் லினக்ஸின் சிறிய ஃபோல்டர் ஒன்று மிஞ்சும். அது அங்கேயே கிடந்தாலும் ஒரு கெடுதலும் இல்லை.